அட்டை இருக்கிறது, ஓட்டு இருக்கிறதா? பெயர் சேர்ப்பது முதல் தபால் வாக்கு வரை

ஓட்டர் ஐடி பத்திரமாக பீரோவில் இருக்கிறது, அதனால் ஓட்டும் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? தயவுசெய்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வாக்குச்சாவடிக்குள் நீங்கள் நுழைந்ததும் முதல் அலுவலர் தன் மேசையில் இருக்கும் பட்டியலில்தான் உங்கள் பெயரைத் தேடுவார். பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஓட்டுப் போடலாம். அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் திரும்பி வர வேண்டியதுதான்.

"போன தேர்தலில் போட்டேனே, பெயர் எங்கே போய்விடும்?" என்று கேட்கலாம். போகும். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர். என்று செய்திகளில் வந்தது, வாக்காளர் பட்டியலை அடியிலிருந்து மறுபடி தயாரிக்கும் வேலை) தொடங்கியது. வீடு வீடாகக் கொடுத்த கணக்கீட்டுப் படிவம் யாரிடமிருந்து திரும்பி வரவில்லையோ, அவர்கள் பெயர் டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. வாடகை வீடு மாறியவர்கள், வெளியூரில் வேலைக்குப் போனவர்கள், படிவம் வந்த நேரத்தில் வீட்டைப் பூட்டியிருந்தவர்கள் எல்லாரும் அதில் அடிபட்டிருக்கலாம். அதற்கு முன்பு எத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தாலும் அது கணக்கில் வராது.

எப்படிச் சரிபார்ப்பது? இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ உங்கள் அட்டை எண்ணைப் போட்டால் போதும். போனில் பேச மட்டும் தெரிந்தவர்களுக்கு 1950 என்ற உதவி எண் இருக்கிறது. அட்டை எண் கையில் இல்லையென்றால் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தொகுதி ஆகியவற்றை வைத்தும் தேடலாம். நம் ஊரில் இனிஷியல் ஒரு தொல்லை. பெயரோடு இனிஷியலைச் சேர்த்துப் போட்டுக் கிடைக்காவிட்டால், இனிஷியல் இல்லாமல் ஒருமுறை தேடிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலையும் ஒன்றிரண்டு விதமாக மாற்றிப் பாருங்கள்.

பெயர் கிடைத்ததும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாகம் எண், வரிசை எண். பாகம் என்பது உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல். வரிசை எண் அதில் உங்கள் இடம். பிறகு எந்த விண்ணப்பம் கொடுத்தாலும், தபால் வாக்கு கேட்டாலும், இந்த இரண்டு எண்களும் தேவைப்படும். அப்படியே வயது, பாலினம், உறவினர் பெயர், முகவரி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வயது தப்பாக இருந்தால் என்ன நஷ்டம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயர் இல்லை. இப்போது என்ன செய்வது? படிவம் 6 கொடுக்க வேண்டும். புதிதாகப் பெயர் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் இதுதான். இணையதளத்தில் நிரப்பலாம். காகிதத்தில் தருவதானால் உங்கள் பகுதி பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொடுக்கலாம். பெரும்பாலும் அவர் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். தாலுகா அலுவலகத்திலும், சென்னையில் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் வாங்கிக்கொள்வார்கள். பட்டியல் திருத்தம் நடக்கும் மாதங்களில் வாக்குச்சாவடி அமையும் பள்ளிகளிலேயே சனி, ஞாயிறு சிறப்பு முகாம் போடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்? பாஸ்போர்ட் அளவு புகைப்படம் ஒன்று. வயதுக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்று. முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், கரண்ட் பில், தண்ணீர் வரி ரசீது, கேஸ் ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று. சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது படிவம் 6-உடன் தனியாக ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்டார்கள். அதனால் பி.எல்.ஓ.விடம் "இதோடு வேறு ஏதாவது இணைக்க வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தர மாட்டார். கரண்ட் பில் அவர் பெயரில் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். வங்கிப் புத்தகத்தில் இப்போதைய முகவரியை மாற்றிக்கொண்டால் அதுவே சான்று. சொந்த வீடு இருந்தால்தான் ஓட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கே ஓட்டு, அவ்வளவுதான்.

பதினெட்டு வயது எந்தத் தேதியில் நிறைந்திருக்க வேண்டும்? முன்பு ஜனவரி 1 என்ற ஒரே தேதிதான். ஜனவரி 2-ஆம் தேதி பிறந்த பிள்ளை ஒரு வருடம் காத்திருந்தது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதிகள். பதினேழு முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வயது நிறைந்த பின் வரும் காலாண்டில் பெயர் ஏறும். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் இதை இன்றே சொல்லுங்கள்.

வீடு மாறியவர்களும் படிவம் 6 கொடுக்க வேண்டுமா? வேண்டாம். ஏற்கெனவே பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குப் படிவம் 8. முகவரி மாற்றம், எழுத்துப் பிழை, வயதுத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாம் இந்த ஒரே படிவத்தில் நடக்கும். வேறு தொகுதிக்கு, வேறு மாவட்டத்துக்குப் போனாலும் இதுதான். இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7.

ஊரிலும் ஓர் ஓட்டு, நகரத்திலும் ஓர் ஓட்டு வைத்துக்கொண்டால் என்ன? கூடாது. ஒருவருக்கு ஓரிடம்தான். வேறெங்கும் பெயர் இல்லை என்று விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அது பொய்யென்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் விடுதி முகவரியில் சேரலாம், வீட்டு முகவரியிலும் சேரலாம். எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்ததும் ஒரு குறிப்பு எண் தருவார்கள். அதை வாங்காமல் வராதீர்கள். பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார். சந்தேகம் இருந்தால் வாக்காளர் பதிவு அலுவலர் நோட்டீஸ் அனுப்பி நேரில் கூப்பிடுவார். ஏற்றுக்கொண்டால் அட்டை தபாலில் இலவசமாக வரும். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இந்த வழி இருப்பது தெரியாமலேயே பலர் முதல் மறுப்போடு நின்றுவிடுகிறார்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாமா? வேட்புமனு தாக்கல் முடியும் நாளோடு பட்டியல் மூடிவிடும். அதன் பிறகு யாராலும் பெயர் சேர்க்க முடியாது. விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால் கடைசி நாளில் கொடுத்த விண்ணப்பம் அந்தத் தேர்தலுக்கு உதவாது. தேர்தல் பேச்சே இல்லாத மாதம்தான் இதற்கு ஏற்ற மாதம்.

இனி தபால் வாக்குக்கு வருவோம். இதில்தான் குழப்பம் அதிகம்.

"நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஓட்டு திருநெல்வேலியில். தபாலில் அனுப்பலாமா?" முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் எந்தக் காரணமும் சொல்லாமல் எவரும் தபாலில் வாக்களிக்கலாம். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் சட்டம் பெயர் சொல்லிக் குறித்த சில பிரிவினருக்கு மட்டும்தான் தபால் வாக்கு. வெளியூரில் வேலை என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டட வேலையிலும் இருக்கும் லட்சக்கணக்கானவர்கள் ஓட்டு நாளில் பஸ் கூலிக்கும் போகும் சம்பளத்துக்கும் கணக்குப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். இவர்களுக்காக ஒரே பெட்டியில் 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துக் காட்ட முன்வந்தது. கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அது நடைமுறைக்கு வரவில்லை.

அப்படியானால் உங்களுக்கு வழி இரண்டு. நகரத்திலேயே நிலையாக இருக்கிறீர்கள் என்றால் படிவம் 8 கொடுத்து ஓட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில்தான் போடுவேன் என்றால் ஊருக்குப் போங்கள்; வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. தினக்கூலிக்காரர்களுக்கும் இது பொருந்தும். மேஸ்திரியோ கம்பெனியோ அன்றைய கூலியைப் பிடித்தால் அது சட்டமீறல்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன்? அவர் படிவம் 6-ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊரில் பெயர் சேர்க்கலாம். ஆனால் அசல் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். தபால் வாக்கு அவருக்கும் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவருக்கு இங்கே ஓட்டே இல்லை.

பிறகு யாருக்குத்தான் உண்டு? உங்கள் வீட்டுக்கு அதிகம் தேவைப்படக்கூடிய பிரிவு முதியோரும் மாற்றுத்திறனாளிகளும். 85 வயது நிறைந்தவர்கள், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் இருப்பதாகச் சான்றிதழ் உள்ளவர்கள், வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த வசதி வந்தபோது வயது வரம்பு 80. 2024 மார்ச்சில் அதை 85 ஆக்கிவிட்டார்கள். பழைய வரம்பை நினைத்து 82 வயதுத் தாத்தா வீட்டுக்கு ஆள் வருவார்கள் என்று காத்திருக்கக் கூடாது.

இதற்குப் படிவம் 12-டி. இதை யார் தருவார்கள்? பி.எல்.ஓ.வே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, கையெழுத்து வாங்கிப் போக வேண்டும். பட்டியலில் 85 வயது என்றோ மாற்றுத்திறனாளி என்றோ பதிவாகியிருப்பவர்களைத்தான் அவர் தேடி வருவார். பட்டியலில் பாட்டியின் வயது 79 என்று தவறாக இருந்தால் அவர் வர மாட்டார். வயதைச் சரிபாருங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். படிவம் 8 கொடுத்து வயதையும் மாற்றுத்திறனாளி குறிப்பையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

நாள் கணக்கில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். தேர்தல் அறிவிக்கை (அரசிதழில் வரும் முறையான ஆணை) வெளியான நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் படிவம் 12-டி போய்ச் சேர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அறிவிக்கை மார்ச் 20. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வீட்டிலிருந்து ஓட்டுப் போட விரும்பியவர்களுக்கு மார்ச் 25-உடன் கதவு மூடிவிட்டது. ஊரில் பிரச்சாரமே சூடுபிடித்திருக்காது. அதற்குள் இந்தத் தேதி போய்விடும். பி.எல்.ஓ. வரவில்லையென்றால் காத்திருக்காமல் நீங்களே 1950-ஐ அழைத்துக் கேளுங்கள்.

விண்ணப்பித்தாக வேண்டுமா? கட்டாயமில்லை. வாக்குச்சாவடிக்குப் போய்ப் போட்டால்தான் மனசு நிறையும் என்று சொல்லும் பெரியவர்கள் நிறையப் பேர். அவர்கள் தாராளமாகப் போகலாம். சக்கர நாற்காலியும் சாய்தளமும் அங்கே இருக்க வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: படிவம் 12-டி ஏற்கப்பட்டுவிட்டால் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனால் அனுமதி கிடையாது. வீட்டில் கலந்து பேசி முடிவெடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்கு யார் வருவார்கள்? இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒரு வீடியோகிராபர், பாதுகாப்புக்குப் போலீஸ். வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே தெரிவிப்பார்கள். அதே விவரம் வேட்பாளர்களுக்கும் போகும். அவர்கள் தரப்பில் ஒருவர் கூட இருக்கலாம். முதல் முறை வரும்போது நீங்கள் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் அந்த ஓட்டு போனது போனதுதான். அந்த வாரத்தில் ஆஸ்பத்திரி செக்கப்பையோ மகள் வீட்டுப் பயணத்தையோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

"இத்தனை பேர் சூழ்ந்து நின்றால் யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடாதா?" நியாயமான பயம். வந்தவர்கள் அட்டை மறைப்பு ஒன்றை வைப்பார்கள். நீங்கள் குறியிடுவதை வீடியோ எடுக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பார்வையில்லாதவரோ கை நடுங்குபவரோ என்றால் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் மகனும் மருமகளும் பேரனும் எட்ட நிற்க வேண்டும். "அப்பா, மூணாவதுக்குப் போடுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்வது பாசமாகத் தோன்றலாம். அது அந்த மனிதரின் ஓட்டை அவரிடமிருந்து பறிப்பது.

இன்னொரு எச்சரிக்கை. கட்சிக்காரர் யாராவது "தாத்தாவுக்கு நான் வாங்கித் தருகிறேன்" என்று எதையும் நிரப்பாத படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். படிவத்தை வாங்கவும் கொடுக்கவும் பி.எல்.ஓ. போதும்.

அடுத்த பிரிவு, தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், போலீஸார். பட்டியலில் இருக்கும் சொந்தத் தொகுதிக்குள்ளேயே பணி கிடைத்தால் படிவம் 12-ஏ கொடுத்து, இ.டி.சி. (தேர்தல் பணிச் சான்று) வாங்கிப் பணி செய்யும் வாக்குச்சாவடியிலேயே இயந்திரத்தில் போடலாம். வேறு தொகுதியில் பணியென்றால் படிவம் 12 கொடுத்துத் தபால் வாக்கு. வாக்குச்சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மெதுவாக அனுப்பும் பழைய வழக்கம் இப்போது இல்லை. 2023-இல் விதி திருத்தப்பட்ட பிறகு பயிற்சி நடக்கும் இடங்களில் அமைக்கும் மையத்திலேயே போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அத்தியாவசியப் பணி என்று ஆணையம் அறிவித்த துறையினரும், அனுமதிச் சீட்டு பெற்ற பத்திரிகையாளர்களும் படிவம் 12-டி கொடுத்து, அவர்களுக்கென்று மூன்று நாட்கள் திறந்திருக்கும் தனி மையத்தில் போடலாம்.

ராணுவத்திலும் மத்திய ஆயுதப் படைகளிலும் இருப்பவர்கள் சொந்த ஊர்ப் பட்டியலில் படைப்பிரிவு வாக்காளராக இருப்பார்கள். வாக்குச்சீட்டு மின்னணு முறையில் அவர்கள் பிரிவுக்குப் போகும். அச்செடுத்து, குறியிட்டு, தபாலில் திருப்பி அனுப்புவார்கள். கூடவே வசிக்கும் மனைவி அல்லது கணவருக்கும் இந்த வசதி உண்டு. ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவரைத் தனக்குப் பதிலாக ஓட்டுப் போட நியமிக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்கும் தபால் வாக்கு உண்டு. தண்டனைக் கைதிகளுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் ஓட்டே இல்லை.

இப்போது உறை. தபால் வாக்கு வீணாவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களுக்கு நான்கு பொருட்கள் கிடைக்கும். வாக்குச்சீட்டு. 13-ஏ என்ற உறுதிமொழித் தாள். 13-பி என்ற சிறிய உறை. 13-சி என்ற பெரிய உறை. வாக்குச்சீட்டில் உங்கள் வேட்பாளர் பெயருக்கு எதிரே டிக் அல்லது பெருக்கல் குறி போடுங்கள். எந்தக் குறியானாலும் யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் போதும். அதை மடித்து, சிறிய உறைக்குள் அதை மட்டும் வைத்து ஒட்டுங்கள். 13-ஏ தாளில் வாக்குச்சீட்டின் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, அதிகாரியின் சான்றொப்பம் வாங்குங்கள். ஒட்டிய சிறிய உறையையும் 13-ஏ தாளையும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் வைத்து ஒட்டுங்கள்.

பலர் செய்யும் தவறு, 13-ஏ தாளை வாக்குச்சீட்டோடு சேர்த்துச் சிறிய உறைக்குள் போட்டுவிடுவது. எண்ணும் மேசையில் முதலில் பெரிய உறையைத்தான் பிரிப்பார்கள். 13-ஏ வெளியே இல்லையென்றால், கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லையென்றால், அதிலுள்ள எண்ணும் சிறிய உறை மேலுள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லையென்றால் சிறிய உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். உள்ளே நீங்கள் எவ்வளவு சரியாகக் குறியிட்டிருந்தாலும் அது எண்ணப்படாது.

வாக்குச்சீட்டில் பெயரோ கையெழுத்தோ போட்டாலும் செல்லாது. யார் போட்டது என்று தெரியக்கூடிய எந்த அடையாளமும் கூடாது. இரண்டு பேருக்குக் குறியிட்டாலும் செல்லாது. "நல்லாட்சி தாருங்கள்" என்று ஓரத்தில் வாசகம் எழுதும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பா? 2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தொகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவைவிட 49 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றதாக அறிவிக்கப்பட்டது. 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. 13-ஏ தாளில் சான்றொப்பம் இட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் கெஜட்டட் அதிகாரிகள் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

வழக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஓடியது. அந்த நிராகரிப்பை ஏற்காத சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் அந்தத் தபால் வாக்குகளையும் இயந்திர வாக்குகளின் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. எண்ணவும் செய்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. இருநூற்று மூன்று பேர் தேர்தல் வேலை பார்த்த களைப்போடு ஓட்டும் போட்டார்கள். அவர்களுடைய வாக்கு அந்தச் சட்டமன்றக் காலம் முழுக்க எவர் கணக்கிலும் ஏறவில்லை.

அவர்களில் யாரும் சோம்பேறிகள் இல்லை. சான்றொப்பம் யாரிடம் வாங்கலாம் என்று முன்பே அச்சடித்த தாளில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. இப்போது மையத்திலேயே சான்றொப்பமிட அதிகாரி உட்கார்ந்திருக்கிறார் என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் அவர் கையெழுத்தும் முத்திரையும் உங்கள் தாளில் விழுந்ததா என்று நீங்களே பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

தபால் வாக்கு எப்போதைக்குள் போய்ச் சேர வேண்டும்? வாக்கு எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்கு முன்பு. வழக்கமாகக் காலை 8 மணி. 8.01-க்கு வரும் உறையைப் பிரிக்காமல் கட்டி வைத்துவிடுவார்கள். வந்து சேர்ந்தவற்றைத்தான் முதலில் எண்ணத் தொடங்குவார்கள். அரை மணி நேரம் கழித்து இயந்திரங்களைத் திறப்பார்கள். செல்லாதவை என்று ஒதுக்கிய தபால் வாக்குகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால், அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு.

தபால் வாக்கு இல்லாத நம்மைப் போன்றவர்கள் வாக்குச்சாவடிக்கு எதை எடுத்துப்போக வேண்டும்? வாக்காளர் அட்டை. அது இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை போன்ற பன்னிரண்டில் ஒன்று. ரேஷன் கார்டு அந்தப் பன்னிரண்டில் இல்லை. வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பும் 2019 முதல் அடையாளச் சான்று ஆகாது. அது வரிசை எண் பார்க்க மட்டும்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லாருடைய அட்டையையும் எடுத்து வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் பாருங்கள். முதலில் அம்மா அப்பாவுடையதைப் பாருங்கள். வயது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6, தவறு இருந்தால் படிவம் 8, நாளைக்கே கொடுத்துவிடுங்கள்.